ஐரோப்பாவில் தெற்காசியரின் கட்டிடக்கலைக் கல்வி

ஐரோப்பாவில் தெற்காசியரின் கட்டிடக்கலைக் கல்வி என்பது, இந்தியா, இலங்கை முதலிய நாடுகளைச் சேர்ந்த மாணவர் இலண்டன், எடின்பரோ, ரோம், லூவென் போன்ற பழைமையான ஐரோப்பிய நகரங்களுக்குச் சென்று கட்டிடக்கலை, நகர வடிவமைப்பு, மரபுடைமைப் பாதுகாப்பு ஆகிய துறைகளில் பயின்றுவரும் வழக்கத்தைக் குறிக்கும். 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடங்கிய இவ்வழக்கம் இன்றும் தொடர்கின்றது. ஆயினும் இதன் நோக்கம் மாறியுள்ளது. அக்காலத்தில் உள்நாட்டில் கட்டிடக்கலைப் பள்ளிகள் மிகச் சிலவே இருந்தமையால் தொழில் தகுதி பெறுவதற்காகவே மாணவர் கடல் கடந்தனர். இன்று பெரும்பாலோர் முதனிலைப் பட்டத்தைச் சொந்த நாட்டில் முடித்துக்கொண்டு, மேற்படிப்புக்காக மட்டும் செல்கின்றனர்.

குளிர்நாட்டில் கற்றது வெயில்நாட்டில் பயன்படுமா என்ற கேள்வி இக்கல்வியின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகின்றது. இதற்கு விடை தேடியவர்களுள் மினெட் டி சில்வா, ஜெப்ரி பாவா ஆகிய இலங்கையர் இருவரும் முதன்மையானவர்கள். பாவாவின் கட்டிடங்கள் சில மதுரையிலும் சென்னையிலும் உள்ளன.

பின்னணி

கோயில், குளம், தேர் வீதி, அக்கிரகாரம், நெசவாளர் தெரு என நகர அமைப்பில் நீண்ட மரபு தமிழகத்துக்கு உண்டு. இவற்றைக் கட்டிய தபதியர், கொத்தர், தச்சர் ஆகியோர் தந்தையிடமிருந்தும் ஆசானிடமிருந்தும் தொழில் கற்றனர். தேர்வு எழுதிப் பட்டம் பெற்று, வரைபடத்தில் கையெழுத்திடும் உரிமையுடைய கட்டிடக்கலைஞர் என்ற தொழிலர் பிரித்தானிய ஆட்சியின்போதே இங்கு அறிமுகமானார். அத்தகுதியை வழங்கும் உரிமை நெடுங்காலம் இலண்டனிலேயே இருந்தது. 1834 இல் நிறுவப்பட்ட பிரித்தானியக் கட்டிடக்கலைஞர் அரச கழகத்தின் உறுப்புரிமையே குடியேற்ற நாடுகளிலும் தொழில் தகுதிக்கு அளவுகோலாகக் கொள்ளப்பட்டது.

இந்தியாவில் பம்பாயின் சர் ஜே. ஜே. கலைப்பள்ளி இத்துறையில் முன்னோடியாக விளங்கியது. தில்லியின் திட்டமிடல், கட்டிடக்கலைப் பள்ளி 1959 இலும், சென்னை கிண்டியில் கட்டிடக்கலைத் துறை 1957 இலும், அகமதாபாத்துப் பள்ளி 1962 இலும் உருவாயின. இலங்கையில் 1960களுக்கு முன் முறையான கட்டிடக்கலைப் பட்டப்படிப்பே இருக்கவில்லை. எனவே, இலங்கையர் ஒருவர் கட்டிடக்கலைஞராக விரும்பினால் பம்பாய்க்கோ இலண்டனுக்கோ கப்பலேறுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

எடின்பரோவும் பேட்ரிக் கெடிசும்

மாணவர்கள் கிழக்கிலிருந்து மேற்கே செல்வதற்கு முன்பே, ஐரோப்பியப் பழைய நகரமொன்றின் பாடம் தமிழகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதைக் கொண்டு வந்தவர் இசுக்காட்லாந்தைச் சேர்ந்த பேட்ரிக் கெடிசு (1854 - 1932). இவர் அடிப்படையில் ஓர் உயிரியலாளர். கட்டிடக்கலையில் பட்டம் எதுவும் இவருக்கில்லை. எத்துறையிலும் பட்டப்படிப்பை இவர் முடிக்கவில்லை என்பது சுவையான செய்தி.

1886 இல் திருமணம் செய்துகொண்ட கெடிசு, மனைவி அன்னாவுடன் எடின்பரோவின் பழைய நகரப் பகுதியிலிருந்த சேம்சு கோர்ட்டு என்னும் நெரிசலான குடியிருப்பில் குடியேறினார். வசதி படைத்தோர் அப்பகுதியை விட்டு, 1767 ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி அமைக்கப்பட்ட புதிய நகரப் பகுதிக்கு ஏற்கனவே சென்றுவிட்டிருந்தனர். எஞ்சியோர் வறியவர்கள். பழைய வீடுகளை அடியோடு இடித்துத் தள்ளுவதே அக்காலத்து நகராட்சிகளுக்குத் தெரிந்த வைத்தியமாக இருந்தது. கெடிசு அதற்கு மாறாக, சுவருக்கு வெள்ளையடித்தல், அழிந்த கட்டிடம் ஒன்றை மட்டும் நீக்கி அவ்விடத்தில் முற்றமோ தோட்டமோ அமைத்தல், வீடுகளைப் பழுதுபார்த்து மாணவர் விடுதியாக்குதல் போன்ற சிறு சிறு வேலைகளைச் செய்தார். உடலை அறுத்துத் துண்டிக்காமல் நோயுற்ற இடத்தை மட்டும் சீர்செய்யும் அறுவை மருத்துவத்துக்கு இம்முறையை அவர் ஒப்பிட்டார்.

1892 இல் அவர் எடின்பரோக் கோட்டைக்கு அருகிலிருந்த கோபுரம் ஒன்றைப் பெற்று, அதை நோக்குக் கோபுரம் என்ற பெயரில் ஓர் அருங்காட்சியகமாக்கினார். உச்சியில் இருட்டறைப் படக்கருவி ஒன்று நகரின் உயிரோட்டமுள்ள காட்சியை மேசை மீது விழச் செய்தது. அதன் கீழ்த் தளங்களில் முறையே எடின்பரோ, இசுக்காட்லாந்து, ஆங்கிலம் பேசும் நாடுகள், ஐரோப்பா, உலகம் ஆகியவை பற்றிய காட்சிகள் இருந்தன. முதலில் தன் ஊரைக் கண்ணால் பார், பிறகு உலகத்துக்கு இறங்கு என்பது இவ்வமைப்பின் கருத்து. திட்டமிடுமுன் ஆய்வு செய்க என்ற அவரது கொள்கையும் இதிலிருந்து எழுந்ததே. இன்று உலகெங்கும் நகர வடிவமைப்பு மாணவர் முதற்பருவத்தில் செய்யும் கள ஆய்வுப் பயிற்சிக்கு இதுவே மூலங்களுள் ஒன்றாகும்.

சென்னை மாகாண ஆளுநராக இருந்த பெண்ட்லண்டு பிரபுவின் அழைப்பை ஏற்று 1914 இல் கெடிசு இந்தியாவுக்குப் புறப்பட்டார். அவர் பல ஆண்டுகள் சேர்த்த நகரமைப்புக் கண்காட்சிப் பொருட்கள் தனியே கிளான் கிராண்டு என்னும் கப்பலில் வந்தன. 1914 செப்டெம்பர் 22 அன்று சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசிய செருமானியப் போர்க்கப்பலான எம்டன், அடுத்த மாதம் அக்கப்பலையும் மூழ்கடித்தது. எம்டன் என்ற சொல் இன்றும் தமிழ்ப் பேச்சு வழக்கில் உள்ளது. அது கடலில் மூழ்கடித்தவற்றுள் ஒரு நகரமைப்புக் கண்காட்சியும் இருந்தது என்பதைப் பலர் அறியார். ஐரோப்பாவிலிருந்த நண்பர்கள் புதிதாகப் படங்களைத் திரட்டி அனுப்ப, 1915 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தில் கண்காட்சி நடைபெற்றது.

அதன் பின்னர் கெடிசு மாகாணத்தின் நகரங்களைச் சுற்றிப் பார்த்து 1915 இல் அறிக்கை அளித்தார். மதுரை, தஞ்சாவூர் ஆகியனவும் அவற்றுள் அடங்கும். நெருக்கமான தெருக்களின் ஊடே அகன்ற நேர்ச்சாலைகளை வெட்ட வேண்டும் என்ற பொறியாளர் திட்டங்களை அவர் ஏற்கவில்லை. குறைந்த செலவில், குறைந்த வீடுகளை மட்டும் நீக்கிக் காற்றும் வெளிச்சமும் வரச் செய்யலாம் என்று எடின்பரோவில் கண்ட பட்டறிவைக் கொண்டு வாதிட்டார். தென்னிந்தியக் கோயில் நகரங்களின் அமைப்பை அவர் வியந்து எழுதினார். அவருடன் பணியாற்றிய லாங்கெசுட்டர் எழுதிய சென்னை நகரமைப்பு பற்றிய நூல் 1918 இல் வெளியாயிற்று. 1920 இல் சென்னை நகரமைப்புச் சட்டம் நிறைவேறியது. கெடிசு 1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், குடிமையியல் பேராசிரியராக இருந்தார். அவரது இந்திய அறிக்கைகளின் பகுதிகளை சாக்குலின் டிர்விட்டு தொகுத்து 1947 இல் நூலாக்கினார்; அறிக்கைகள் அச்சான நாட்டில் மறக்கப்பட்டு, இலண்டன் வழியாகவே அவை மீண்டும் மாணவர் கைக்கு வந்து சேர்ந்தன.

இலண்டன் கட்டிடக்கலைச் சங்கப் பள்ளி

இலண்டனில் 1847 இல் இளம் பயிற்சியாளர்கள் சிலர் தமக்குத்தாமே கற்பித்துக்கொள்வதற்காகத் தொடங்கிய கட்டிடக்கலைச் சங்கம் பின்னர் முழுநேரப் பள்ளியாயிற்று. சுருக்கமாக ஏஏ எனப்படும் இப்பள்ளி 1917 இல் பெட்போர்டு சதுக்கத்துக்கு இடம் மாறியது. பெண்களையும் அவ்வாண்டு முதலே சேர்த்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், குண்டுவீச்சில் சிதைந்த நகரை எவ்வாறு மீளக் கட்டுவது என்ற கேள்வி அங்கே வகுப்பறைப் பாடமாக இருந்தது. அச்சூழலில்தான் இலங்கையர் இருவர், பத்தாண்டு இடைவெளியில், அங்கு பயின்றனர்.

மினெட் டி சில்வா

மினெட் டி சில்வா 1918 பெப்ரவரி 1 அன்று கண்டியில் பிறந்தார். தந்தை சியார்ச்சு ஈ. டி சில்வா சிங்களப் பௌத்தர். அரசியல்வாதி, பின்னாளில் அமைச்சர். தாய் அக்னசு நெல், பரங்கியர் சமூகத்தைச் சேர்ந்த கிறித்தவர். பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடியவர்களுள் ஒருவர். கட்டிடக்கலைஞராக வேண்டும் என்ற மகளின் விருப்பத்துக்கு வீட்டில் எளிதில் இசைவு கிடைக்கவில்லை. முதலில் பம்பாய் சென்று அங்கு ஒரு கட்டிடக்கலை நிறுவனத்தில் பயிற்சி பெற்ற அவர், பின்னர் சர் ஜே. ஜே. பள்ளியில் சேர்ந்தார். 1942 இல் காந்தியின் விடுதலையை வேண்டி நடந்த போராட்டத்தில் கலந்துகொண்டதற்காகவும் மன்னிப்புக் கடிதம் எழுத மறுத்ததற்காகவும் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்.

படிப்பு பாதியில் நின்ற நிலையில், மைசூர் அரசின் கட்டிடக்கலைஞராகப் பெங்களூரில் இருந்த ஓட்டோ கொனிக்சுபெர்கரிடம் அவர் பணிபுரிந்தார். பின்னர் 1945 இல் இலண்டன் சென்று ஏஏ பள்ளியில் சேர்ந்தார். 1948 இல் அரச கழகத்தின் இணை உறுப்பினராகத் தெரிவானார். ஆசியப் பெண்களுள் இத்தகுதியைப் பெற்ற முதலாமவர் இவரே.

அவரது ஐரோப்பியக் கல்வி வகுப்பறைக்குள் மட்டும் நிகழவில்லை. 1947 இல் இங்கிலாந்தின் பிரிட்சுவாட்டரில் நடந்த நவீனக் கட்டிடக்கலைக்கான பன்னாட்டு மாநாட்டில் இந்தியா, இலங்கை சார்பில் அவர் கலந்துகொண்டார். அங்கு எடுக்கப்பட்ட படங்களில், கோட்டு அணிந்த ஐரோப்பியர் நடுவே புடவையுடன் அவர் நிற்பதைக் காணலாம். லெ கொபூசியேயுடன் ஏற்பட்ட நட்பு பல ஆண்டுகள் கடிதங்கள் வழியே நீடித்தது. 1946 இல் பம்பாயில் தொடங்கப்பட்ட மார்க் என்னும் கலை, கட்டிடக்கலை இதழின் நிறுவனர் குழுவிலும் மினெட்டும் அவரது தமக்கை அனிலும் இடம்பெற்றிருந்தனர்.

1949 இல் கண்டிக்குத் திரும்பியவர், பெற்றோர் வீட்டிலேயே தொழில் தொடங்கினார். கண்டியில் அவர் கட்டிய கருணாரத்தின வீடு 1951 இல் முடிவடைந்தது. சரிவான நிலத்தில் வெவ்வேறு மட்டங்களில் அமைந்த அவ்வீட்டில், இலண்டனில் கற்ற கான்கிரீட்டும் கண்ணாடியும் ஒருபுறம் இருக்க, தும்பறைப் பாய் நெசவு கதவுப் பலகைகளிலும், சுடுமண் ஓடுகள் அலங்காரத்திலும், அரக்கு வேலை மாடிப்படிக் கைப்பிடியிலும் இடம்பெற்றன. கைவினைஞர் அழிந்துகொண்டிருந்தனர், அவர்களுக்கு அருங்காட்சியகம் தேவையில்லை, வேலை தேவை என்பது அவரது நிலைப்பாடு. உலகக் கட்டிடக்கலையில் பின்னாளில் வட்டார நவீனம் என்ற பெயரில் பேசப்பட்ட கருத்தை 1950களின் தொடக்கத்திலேயே அவர் எழுதியும் கட்டியும் காட்டிவிட்டார்.

நகர வடிவமைப்பில் அவரது முக்கியமான பணி, கண்டியை அடுத்த வத்தப்புளுவை வீட்டுத்திட்டம் ஆகும். அரச ஊழியர்களுக்கான ஏறத்தாழ 250 வீடுகளைக் கொண்ட இத்திட்டம் 1958 அளவில் நிறைவேறியது. பல இனங்களையும் மதங்களையும் சேர்ந்த குடும்பங்கள் அங்கு குடியேற இருந்தன. அவர்களிடம் முன்கூட்டியே வினாக்கள் கேட்டு, சமையல், வழிபாடு, விருந்தினர், தோட்டம் பற்றிய அவர்களின் தேவைகளை அறிந்து, பல வகை வீடுகளை மினெட் வரைந்தார். நிலத்தைச் சமன் செய்யாமல் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஏற்ப வீதிகள் வளைந்து சென்றன. குடியிருக்கப் போகிறவரைக் கேட்டுக் கட்டுவது இன்று எல்லாப் பள்ளிகளிலும் பாடமாக உள்ளது. அன்று அது வழக்கமன்று.

ஆயினும் அவருக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. பெண் ஒருவர் கட்டும் வீடு நிற்குமா என்ற ஐயத்தை வாடிக்கையாளரிடமும் ஒப்பந்தகாரரிடமும் தொடர்ந்து எதிர்கொண்டார். 1970களில் இலண்டனிலும் பின்னர் ஆங்காங்கிலும் வாழ்ந்தார். ஆங்காங்குப் பல்கலைக்கழகத்தில் ஆசியக் கட்டிடக்கலை வரலாறு கற்பித்தார். கண்டி கலை மையம் 1980களில் அவர் கட்டியது. இலங்கைக் கட்டிடக்கலைஞர் கழகம் 1996 இல் தங்கப் பதக்கம் அளித்தது. 1998 நவம்பர் 24 அன்று கண்டியில் வறுமையில் இறந்தார். அவரது கட்டிடங்கள் பல இடிக்கப்பட்டும் உருமாற்றப்பட்டும் போயின. கல்வியும் திறமையும் இருந்தும் ஆதரவு இன்றேல் என்னாகும் என்பதற்கு இவ்வரலாற்றை விடத் தெளிவான சான்று இத்துறையில் இல்லை எனலாம்.

ஜெப்ரி பாவா

1919 இல் கொழும்பில் பிறந்த ஜெப்ரி பாவா முதலில் கேம்பிரிட்சில் ஆங்கில இலக்கியமும் பின்னர் இலண்டனில் சட்டமும் பயின்றவர். வழக்கறிஞர் தொழிலில் மனம் ஒட்டாமல் நாடு நாடாகச் சுற்றிய அவர், இத்தாலியில் வீடு ஒன்றை வாங்கிக் குடியேற எண்ணினார். அது கைகூடாமற் போகவே, 1948 அளவில் இலங்கையின் பெந்தோட்டைக்கு அருகே லுனுகங்கை என்னும் இறப்பர்த் தோட்டத்தை வாங்கி, அதை இத்தாலியத் தோட்டம் போல் மாற்றத் தொடங்கினார். தாம் விரும்பியதைச் செய்யத் தமக்குத் தொழில்நுட்ப அறிவு போதாது என்று உணர்ந்து, கொழும்பில் ரீட் என்ற கட்டிடக்கலைஞரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். 1952 இல் ரீட் இறந்தபின், மீண்டும் இங்கிலாந்து சென்று ஏஏ பள்ளியில் மாணவரானார். 1957 இல் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 38.

உடன் படித்தோரை விட மிக மூத்தவரான பாவா, நவீனக் கட்டிடக்கலை வெள்ளமாகப் பாய்ந்த அக்காலத்தில், 18 ஆம் நூற்றாண்டுச் செருமானியப் பரோக்குக் கட்டிடக்கலைஞரான பால்தசார் நொய்மன் பற்றி ஆய்வுரை எழுதினார். விடுமுறைகளில் ரோம் முதலிய நகரங்களில் சுற்றினார். ஐரோப்பிய நகரிலிருந்து அவர் பெற்றது, ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு நடந்து செல்லும்போது காட்சி எவ்வாறு மூடித் திறக்கின்றது என்ற உணர்வே. அவரது நடைகூடங்களிலும் முற்றங்களிலும் இதைக் காணலாம். சுவரின் வடிவம் மட்டும் ஐரோப்பியமாக இராது.

1960களின் தொடக்கத்தில் கொழும்பில் கட்டிய ஈனா டி சில்வா இல்லத்தில் நடுமுற்றத்தை மீட்டெடுத்தார். 1982 இல் கோட்டையில் இலங்கை நாடாளுமன்றக் கட்டிடம் நிறைவுற்றது. தமிழகத்தில் மதுரைச் சிறுவர் நகரம் 1960களிலும், மதுரைக் கழகக் கட்டிடம் 1970களிலும் அவரால் வடிவமைக்கப்பட்டன. சென்னை கன்னிமரா விடுதியின் 1970களின் புதுப்பிப்பும் அவருடையதே. மதுரைக் கழகத்தில் உள்ளூர்க் கல்லும் உள்ளூர்த் தொழிலாளரின் கைவேலையும் முதன்மை பெற்றன. இக்கட்டிடம் பின்னர் தங்கும் விடுதி ஒன்றின் பகுதியாயிற்று. 2001 இல் ஆகா கான் கட்டிடக்கலை விருதுக் குழுவின் தலைவர் விருது பாவாவுக்கு வழங்கப்பட்டது. 2003 மே 27 அன்று காலமானார்.

வெப்பமண்டலக் கட்டிடக்கலைத் துறை

இலண்டனில் தமக்குக் கற்பிக்கப்படுவது தம் நாட்டுக்குப் பொருந்தவில்லை என்று முதலில் உரக்கச் சொன்னவர்கள் மாணவர்களே. நைசீரிய மாணவரான அதெடோக்குன் அதியெமியின் முயற்சியால் 1953 இல் இலண்டனில் வெப்பமண்டலக் கட்டிடக்கலை மாநாடு நடைபெற்றது. அதன் விளைவாக 1954 இல் ஏஏ பள்ளியில் வெப்பமண்டலக் கட்டிடக்கலைத் துறை தொடங்கியது. முதலில் மாக்சுவெல் பிரையும், 1957 முதல் கொனிக்சுபெர்கரும் இதற்குத் தலைமை வகித்தனர். கொனிக்சுபெர்கர் பெர்லினில் பிறந்து, நாசிகளின் ஆட்சியில் பணியிழந்து, 1939 இல் மைசூருக்கு வந்தவர். புவனேசுவரம் நகருக்கான திட்டத்தை வரைந்தவர். ஆகவே இலண்டனில் அவர் கற்பித்ததில் பெரும்பகுதி இந்தியாவில் அவர் கற்றது. இத்துறை 1971 இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு மாறி, மேம்பாட்டுத் திட்டமிடல் பிரிவு என்ற பெயரில் இன்றும் இயங்குகின்றது.

இத்துறையின் ஆய்வுகளின் பயனாக உருவான மகோனி அட்டவணைகள், ஓர் ஊரின் மாதாந்த வெப்பநிலை, ஈரப்பதம், மழையளவு ஆகியவற்றைக் கொண்டு, சுவரின் தடிப்பு, சாளரத்தின் அளவு, கூரையின் தன்மை, முற்றம் தேவையா என்பன பற்றி முடிவு செய்ய உதவுகின்றன. கொனிக்சுபெர்கர் பிறருடன் எழுதிய வெப்பமண்டல வீடமைப்புக் கையேடு 1970களிலிருந்து இந்தியப் பள்ளிகளில் பாடநூலாக உள்ளது. ஈரப்பதம் மிகுந்த கடற்கரை ஊரில் காற்று ஊடுருவும் திறந்த அமைப்பும், பகலில் கொதித்து இரவில் ஆறும் வறண்ட உள்நாட்டில் தடித்த சுவரும் சிறு திறப்புகளும் முற்றமும் நல்லன என்பது அதன் அடிப்படைப் பாடம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துப் பழைய வீட்டில் வளர்ந்தவருக்கு இது புதிய செய்தியன்று. ஏன் அப்படி என்பதற்கான கணக்கே புதியது.

பாரிசு

பட்டம் பெறாமலே ஐரோப்பாவில் கற்றவரும் உண்டு. புனேயில் பிறந்த பால்கிருட்டிண தோசி (1927 - 2023), பம்பாயில் படிப்பை விட்டு இலண்டன் வந்தார். 1951 இல் ஆடசுடனில் நடந்த பன்னாட்டு மாநாட்டில் சண்டிகர் திட்டம் பற்றிக் கேள்வியுற்று, லெ கொபூசியேயின் பாரிசு அலுவலகத்தில் சேர்ந்தார். முதல் எட்டு மாதங்கள் ஊதியம் இல்லை. பிரெஞ்சும் தெரியாது. 2018 இல் பிரிட்சுகர் பரிசைப் பெற்ற முதல் இந்தியர் இவர்.

மரபுடைமைப் பாதுகாப்புக் கல்வி

பழைய கட்டிடங்களைப் பேணும் துறையில் ஐரோப்பியப் பள்ளிகளின் செல்வாக்கு இன்றும் வலுவாக உள்ளது. 1964 இல் வெனிசு நகரில் ஏற்கப்பட்ட சாசனமே உலகளவில் இத்துறையின் அடிப்படை ஆவணம். ரோமில் 1959 முதல் இயங்கும் பன்னாட்டுப் பாதுகாப்பு மையம், இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகம், பெல்சியத்தின் லூவென் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இந்தியப் பாதுகாப்புக் கட்டிடக்கலைஞர் பலர் பயின்றுள்ளனர்.

இவற்றுள் லூவென் தனித்துக் குறிப்பிடத்தக்கது. வெனிசு சாசனத்தை வரைந்தோருள் ஒருவரான ரேமண்டு லெமேர் தொடங்கிய மையம் இங்குள்ளது. மத்திய காலத்தில் தனித்து வாழ்ந்த சமயப் பெண்களுக்காக உருவான பெரிய பெகைன்குடியிருப்பைப் பல்கலைக்கழகம் 1960களில் வாங்கி, லெமேரின் தலைமையில் புதுப்பித்தது. செங்கல் வீடுகளும் கல் பாவிய சந்துகளும் கொண்ட அவ்விடம் 1998 முதல் உலக மரபுடைமைக் களம். அங்கே இன்று குடியிருப்போரில் மாணவர் பலர். கூரை ஒழுகினால் எந்த ஓடு, எந்தச் சுண்ணாம்பு என்று கேட்கும் பாடம் அவர்கள் படுத்துறங்கும் அறையிலிருந்தே தொடங்கிவிடுகின்றது.

2007 முதல் போர்த்துக்கலின் கிமாரைசு, இத்தாலியின் பதுவா, செக்கு நாட்டின் பிராகா, எசுப்பானியாவின் பார்சிலோனா ஆகிய நகரங்களின் பல்கலைக்கழகங்கள் இணைந்து, வரலாற்றுக் கட்டுமானங்களின் கட்டமைப்புப் பகுப்பாய்வில் முதுநிலைப் படிப்பு ஒன்றை நடத்திவருகின்றன. கற்கோபுரமோ செங்கல் வளைவோ எவ்வளவு சுமை தாங்கும் என்பதைக் கணக்கிட விரும்பும் குடிசார் பொறியியல் மாணவருக்கு இது பொருத்தமானது.

கற்பிக்கும் முறை

ஐரோப்பியப் பள்ளிகளில் பாடத்தின் மையம் வடிவமைப்புக் கூடமாகும். ஒரு பருவம் முழுவதும் ஒரே இடத்தை எடுத்துக்கொண்டு, அளந்து, வரைந்து, மாதிரி செய்து, ஆசிரியர் குழுவின் முன் வைத்து மாணவர் வாதாட வேண்டும். இக்குழு பெரும்பாலும் வெளியாரையும் கொண்டிருக்கும். குறிப்பெடுத்துத் தேர்வெழுதும் வழக்கத்தில் வளர்ந்த இந்திய மாணவருக்கு முதற்பருவம் கடினமாக இருப்பது இதனால்தான். வரைவதில் அவர்கள் பின்தங்குவதில்லை, தம் முடிவை எதிர்த்துப் பேசுவோர் முன் காத்து நிற்பதில்தான் தடுமாறுகின்றனர்.

சேர்க்கைக்கு மதிப்பெண்ணை விட வரைபடத் தொகுப்பு முக்கியமானது. பலரும் கணினியில் செய்த கண்ணாடிக் கோபுரங்களால் தொகுப்பை நிரப்பிவிடுகின்றனர். மாணவர் தாம் நன்கறிந்த ஓர் இடத்தை அளந்து வரைந்த படங்கள் இதைவிட நன்கு பேசும். எடுத்துக்காட்டாக, அருப்புக்கோட்டையையும் அதை அடுத்த பாளையம்பட்டியையும் எடுத்துக்கொள்ளலாம். நெசவாளர் ஊர்களில் தெரு என்பது போக்குவரத்துக்கு மட்டும் உரியதன்று. பாவு நீட்டிக் கஞ்சியிட்டு உலர்த்துவதற்கு நீண்ட, நேரான, நிழலுள்ள வெளி வேண்டும். பாவடி எனப்படும் பொது இடம் இதற்காகவே அமைந்தது. தறிக்குழி வீட்டின் எப்பகுதியில் உள்ளது, வெளிச்சம் எத்திசையிலிருந்து வருகின்றது, திண்ணையில் யார் என்ன வேலை செய்கின்றனர், விசைத்தறி வந்தபின் எது மாறிற்று என்பவற்றை அளவுகளுடன் வரைந்தால், அது கெடிசு கூறிய ஆய்வின் நேரடி வடிவமாகும். அவ்வாறே கரிசல் நிலத்தில் ஊருணி, கண்மாய், கோயில் ஆகியன ஊரின் அமைப்பை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பதும் வரையத்தக்க பொருள். கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் வெடிப்பதால் சுவரில் விரிசல் விழுவது இவ்வட்டாரத்தார் அனைவரும் அறிந்ததே. அதை ஒரு வெட்டுமுகப் படத்தில் காட்டும் மாணவரைத் தேர்வுக் குழு எளிதில் மறவாது.

பட்டத்தின் ஏற்பு

இந்தியாவில் 1972 ஆம் ஆண்டுக் கட்டிடக்கலைஞர் சட்டத்தின்படி, கட்டிடக்கலை மன்றத்தில் பதிவு செய்தவர் மட்டுமே கட்டிடக்கலைஞர் என்ற பெயரில் தொழில் செய்யலாம். பதிவுக்கு, மன்றம் ஏற்ற தகுதி வேண்டும். இந்தியாவில் முதனிலைப் பட்டம் ஐந்தாண்டுப் படிப்பு. ஐரோப்பாவிலோ 1999 ஆம் ஆண்டுப் பொலோனியா அறிக்கைக்குப் பின்னர், பெரும்பாலான நாடுகளில் மூன்றாண்டு இளநிலையும் இரண்டாண்டு முதுநிலையும் தனித்தனிப் படிப்புகளாக உள்ளன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நேராக அங்கு சென்று மூன்றாண்டுப் பட்டத்துடன் திரும்புபவர், ஊரில் ஒரு வீட்டு வரைபடத்தில் கையெழுத்திடவும் உரிமையற்றவராக நேரிடலாம். வெளிநாட்டுத் தகுதி எதுவாயினும், அது மன்றத்தின் ஏற்பைப் பெற்றதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்து மூலம் உறுதி செய்துகொள்ள வேண்டும். முகவர்களின் வாய்மொழி உறுதி இதற்கு ஈடாகாது.

ஐந்தாண்டுப் பட்டத்தை இந்தியாவில் முடித்துப் பதிவும் செய்தபின் முதுநிலைக்குச் செல்பவருக்கு இச்சிக்கல் இல்லை. நகர வடிவமைப்பு, பாதுகாப்பு ஆகிய முதுநிலைப் படிப்புகள் தொழில் உரிமத்தைப் பாதிப்பதில்லை. அங்கேயே தங்கித் தொழில் செய்ய விரும்புவோர் அந்நாட்டு விதிகளைத் தனியே நிறைவு செய்தல் வேண்டும். ஐக்கிய இராச்சியத்தில் நெடுங்காலமாக மூன்று கட்டத் தேர்வு முறை இருந்துவந்துள்ளது.

செலவும் உதவித்தொகையும்

செருமனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் பெறுவதில்லை. எனினும் பாடன்-வுர்ட்டம்பர்க்கு மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் ஒரு பருவத்துக்கு 1500 யூரோ பெறுகின்றது. மியூனிக்குத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 இலிருந்து புதிய வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் விதித்தது. கட்டணம் இல்லாவிடினும், ஓராண்டு வாழ்க்கைச் செலவை முடக்கக் கணக்கில் முன்கூட்டியே காட்ட வேண்டும். இத்தொகை 2024 செப்டெம்பரில் 11,904 யூரோவாக உயர்ந்தது. இத்துடன் மாதிரி செய்யும் அட்டை, மரம், பெரிய தாள் அச்சு ஆகியவற்றுக்குக் கட்டிடக்கலை மாணவருக்கு மட்டும் உரிய தனிச் செலவு உண்டு. விளம்பரத் தாள்கள் எவையும் இதைக் கூறுவதில்லை.

உதவித்தொகைகளுள், 2004 இல் தொடங்கிய எராசுமசு முண்டசு திட்டம் பல நாடுகள் இணைந்து நடத்தும் முதுநிலைப் படிப்புகளுக்கு உரியது. 1981 இல் நிறுவப்பட்ட சார்லசு வாலசு இந்திய அறக்கட்டளை, ஐக்கிய இராச்சியத்தில் கலை, மரபுடைமைப் பாதுகாப்பு ஆகிய துறைகளில் பயில்வோருக்கு உதவி வருகின்றது. இந்திய நடுவண் அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை, பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற வேளாண் தொழிலாளர், மரபுவழிக் கைவினைஞர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு உரியதாகும். நெசவும் கூலி வேளாண்மையும் வாழ்வாக உள்ள வறண்ட வட்டாரங்களில் இத்திட்டம் பற்றி அறிந்தோர் குறைவு என்பது வருந்தத்தக்கது. 2022 ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளில், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு ஆகியவை பற்றிய பாடங்களுக்கு இவ்வுதவி இல்லை என்று சேர்க்கப்பட்டது. இம்மாற்றம் அப்போது கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. தன் ஊர்க் கோயிலையோ தெருவையோ ஆய்வுப் பொருளாக்க விரும்பும் மாணவரை இது நேரடியாகப் பாதிக்கக்கூடியது. எனவே விண்ணப்பிக்கும் ஆண்டின் நெறிகளை முழுமையாகப் படித்து, படிப்பின் தலைப்பை அதற்கேற்பத் தேர்ந்துகொள்ளுதல் இன்றியமையாதது.